ஒரு பக்க மார்பக இம்ப்ளான்ட் சுருங்கிவிட்டால் என்ன செய்வது?

போன மாதம் வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். காலையில் ப்ளவுஸ் கொக்கி மாட்டும்போது இடது பக்கம் தொளதொளவென்று இருப்பதைக் கவனித்திருக்கிறார். அமெரிக்காவில் இருந்தபோது வைத்த சலைன் இம்ப்ளான்ட், அதாவது உப்பு நீர் நிரப்பிய பை; 14 வருடமாகிறது. "உள்ளே கசிஞ்ச தண்ணி விஷமாயிடுமா டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், உள்ளாடைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்து மூன்று வாரம் சமாளித்திருக்கிறார். கேட்டபோது எனக்கு மனசே சரியில்லை.

விஷமெல்லாம் இல்லை. டிரிப்ஸில் ஏற்றும் அதே உப்பு நீர்தான்; உடம்பு உறிஞ்சி சிறுநீரில் வெளியேற்றிவிடும். ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவர வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் விட்டால் இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு கட்டியிருக்கும் தழும்பு உறை சுருங்கிவிடும், அப்புறம் புதிது வைக்க நினைத்தால் அறுவை சிகிச்சை சிக்கலாகும்.

சிலிகான் ஜெல் நிரப்பிய இம்ப்ளான்ட் அப்படியில்லை. கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் அந்த உறைக்குள்ளேயே நின்றுவிடுவதால் வெளியே ஒன்றுமே தெரியாது. அதனால்தான் தொந்தரவே இல்லாவிட்டாலும் 5, 6 வருடத்தில் முதல் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட், பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-இல் பரிந்துரைத்தது. வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டைச் சுற்றி அபூர்வமாக ஒரு வகை லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) வரும்; அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்ப்ளான்ட்டை 2019-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது அதற்காகத்தான்.

"எடுத்தா வேற வெச்சே ஆகணுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், அதுவும் முழுமையான சிகிச்சைதான். முதல் சில வாரம் குழிவிழுந்த மாதிரி இருக்கும், பிறகு தோல் ஓரளவு சுருங்கிக்கொள்ளும். சலைன் என்றால் ஒரு வசதி உண்டு: மரத்துப்போக ஊசி போட்டு முதலில் நீரை மட்டும் வடித்துவிட்டு, சில வாரம் கழித்துத் தோல் எப்படிப் படிகிறது என்று பார்த்தே தொங்கும் மார்பகத்தைத் தூக்கிக் கட்டும் அறுவை தேவையா என்று முடிவு செய்யலாம்.

உறையையும் சேர்த்து முழுசாக எடுக்கச் சொல்லி இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். புற்றுநோய் சந்தேகம் இருந்தால் அப்படித்தான் எடுக்க வேண்டும். மற்றபடி விலா எலும்பில் ஒட்டிய மெல்லிய உறையைச் சுரண்டினால் ரத்தக்கசிவு, நுரையீரல் உறை காயம் என்று ஆபத்துதான் கூடும்.

அந்த அம்மா இரண்டு பக்க இம்ப்ளான்ட்டையும் எடுத்துவிட்டார். ட்ரேயில் கிடந்ததைக் காட்டச் சொன்னார். காலியான பால் பாக்கெட் மாதிரி கசங்கி, மடிப்பு விழுந்த இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல். இம்ப்ளான்ட் வைத்தபோது கொடுத்த விவர அட்டை (இம்ப்ளான்ட் கார்டு) அவரிடம் இருந்ததால் வகையும் அளவும் முன்பே தெரிந்தது. உங்கள் கார்டு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் அறுவை செய்த மருத்துவமனையில் ஆபரேஷன் குறிப்பின் நகல் கேளுங்கள்.