மௌன முகாமுக்குக் கிளம்பும் முன் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள்

பத்து நாள் விபாசனா (மௌன தியான) முகாமுக்குப் பதிந்துவிட்டு ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதுகு வலி, மெத்தை, கொசு பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அதில் எதையாவது நிறுத்தும் எண்ணம் இருக்கிறதா?

"மனசு சுத்தமாகப் போகுதே மேடம், அப்புறம் மாத்திரை எதுக்கு?" இந்தப் பதில்தான் எனக்குக் கவலை. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். இருமுனைக் கோளாறு (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களுக்குத் தூக்கம் குறைவதே ஆபத்து. முகாமில் விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும்; நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் உட்கார வேண்டும்; போன், புத்தகம், பேச்சு எதுவும் கிடையாது. உள்ளே ஏதோ சரியில்லை என்று தோன்றினால் ஆசிரியரிடம் சொல்லலாம், ஆனால் உங்களை முன்பே அறிந்தவர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்பவர்கள் சிலர் பயம், பதற்றம், தூக்கமின்மை பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். தியானம் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. விண்ணப்பத்தில் மனநலம், மருந்து பற்றிக் கேட்பது உங்கள் பாதுகாப்புக்குத்தான். இடம் கிடைக்காதோ என்று பயந்து மறைக்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளும் கவனிக்க வேண்டும். இரவுச் சாப்பாடு கிடையாது. புதியவர்களுக்கு மாலை 5 மணிக்குப் பழமும் தேநீரும்தான். இன்சுலின் போடுபவர்கள் முன்கூட்டியே பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் பேசி, தேவையானதை விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள்.

அப்புறம் கோப்பி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கோப்பி ஓ என்று பழகிய உடம்பு, அது நின்ற ஒரு நாளுக்குள் தலைவலியைக் காட்டும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். தியானம்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பாதியில் திரும்புபவர்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு முன்பே படிப்படியாகக் குறைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

முகாமிலிருந்து எதிர்பார்க்கும் மாற்றத்துக்கு வருவோம். "கோபமே வராத ஆளாகத் திரும்பணும்" என்றார் ஒருவர். கடைசியாக எப்போது கோபம் வந்தது என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்: வேலை முடிந்து எம்ஆர்டியில் நின்றுகொண்டே வந்து, கதவைத் திறந்ததும் மகனின் முடிக்காத வீட்டுப்பாடத்தைப் பார்க்கும் அந்த நிமிடம். சரி, அந்த நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றேன். "உள்ளே வந்ததும் முதலில் குளிப்பேன், அதன் பிறகுதான் வீட்டுப்பாடப் பேச்சு." இதை மனைவியிடமும் சொல்லிவிட்டு, முகாமுக்குப் போகும் முன்பே தொடங்கச் சொன்னேன். எந்த நேரத்தில் என்ன செய்வோம் என்று முடிவு செய்தவர்களுக்கு, "நல்லவனாக மாறுவேன்" என்று மட்டும் சொல்பவர்களைவிட மாற்றம் கைகூடும் வாய்ப்பு அதிகம். பத்து நாள் மௌனம் அந்த முடிவுக்கு உரம் சேர்க்கும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வரும் நாள், கிளம்பும் நாள் சேர்த்து 12 நாள் ஆகும். இன்னும் ஒரு நாள் கூடுதலாக லீவு எடுங்கள். திரும்பியதும் மறுநாள் காலையே அலுவலகக் கூட்டத்தில் உட்காருவது கடினம். வந்தபின் தொடர்ந்து தூக்கமே இல்லை, எண்ணங்கள் நிற்காமல் ஓடுகின்றன, வீட்டார் "நீ நீயாகவே இல்லை" என்கிறார்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரின் தேசிய மனநல உதவி எண் 1771, இரவிலும் எடுப்பார்கள்.