சீட்டில் இருந்த சொல்லும் அவன் சொன்ன சொல்லும்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, தன் 22 வயது மகனைப் பாளையங்கோட்டையில் என்னிடம் கூட்டி வந்தார். (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) பையனுக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கையில் வேறொரு மருத்துவர் கொடுத்த சீட்டு. நோய் என்ற இடத்தில் ‘ஹோமோசெக்சுவல்’ என்று எழுதியிருந்தது.

“இது என்ன நோய் சார்? மாத்திரையில சரியாயிருமா?”

நான் வாய் திறப்பதற்குள் பையன் சொன்னான்: “நோய் இல்லம்மா. நான் கே.”

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. “அப்போ ரெண்டு நோயா சார்?”

அந்தக் கேள்வி இன்னும் என் மனதில் கிடக்கிறது.

இரண்டு சொற்களும் தன் பாலினத்தவர் மீது ஈர்ப்பு உள்ளவரையே குறிக்கின்றன. வந்த வழிதான் வேறு. ஹோமோசெக்சுவல் என்ற சொல்லை 1869-இல் அச்சில் கொண்டுவந்தவர் கார்ல் மரியா கெர்ட்பெனி. இப்படிப்பட்டவர்களைத் தண்டித்த பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து எழுதியவர் அவர். அப்புறம் மருத்துவம் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு நோயாக்கிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும் உலக சுகாதார நிறுவனம் 1990-லும் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின. ஆனாலும் அந்தச் சொல்லில் ஆஸ்பத்திரி வாடை போகவில்லை.

‘கே’ அப்படியல்ல. அவர்களே தங்களுக்கென எடுத்துக்கொண்ட சொல். பெண்கள் பலர் லெஸ்பியன் என்பார்கள்.

தமிழிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஓரினச்சேர்க்கை’ படுக்கையை மட்டும் பேசுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ மனம் சாயும் திசையைச் சொல்கிறது. இந்தப் பையன் இதுவரை யாருடைய கையையும் பிடித்ததில்லை. கூடப் படித்த ஒருவனை நினைத்து ஒரு வருடமாகத் தூங்காமல் கிடந்திருக்கிறான், அவ்வளவுதான். அவனைச் ‘சேர்க்கை’ என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாடு அரசு 2022-இல் மரியாதையான சொற்களைப் பட்டியலிட்டு அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. சக மருத்துவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ‘மாற்றிவிடுகிறேன்’ என்று வைத்தியம் செய்வதைத் தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. எந்தச் சொல் வேண்டும் என்று வந்தவரிடமே கேளுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் அதுவும் சரிதான்.

அம்மாவோடு அன்று ஒரு மணி நேரம் பேசினேன். முழுவதும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். கிளம்பும்போது, “அந்தச் சீட்ட வீட்டுல யாரும் பார்த்துட்டா?” என்றார். புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நோய் என்ற இடத்தில்: பதற்றம், தூக்கமின்மை.