திகில்: த்ரில்லரும் அல்ல, பேய்ப்படமும் அல்ல

'நீதிமன்றத் திகில் படம்' என்று ஒரு ஓடிடி தளத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு வக்கீல்கள் மாறி மாறி வாதாடுகிற கதை. படத்தில் யாரும் பயப்படவில்லை, கட்சிக்காரருக்கு வக்கீல் பீஸை நினைத்து வேண்டுமானால் திகில் வந்திருக்கலாம். அதற்குப் பக்கத்தில் 'அரசியல் திகில்', 'உளவியல் திகில்' என்று வரிசையாகப் போகிறது. கொஞ்சம் கீழே இறங்கினால் 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' கிடக்கிறது. அதன் தலையில் 'பேய்ப்படம்' என்று சீட்டு. திகிலுக்கு வேலை இல்லாத இடத்தில் திகில், திகில் இருக்க வேண்டிய இடத்தில் பேய்! எப்போதாவது கண்ணில் பட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். அறுபதுகளின் பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிற ஆளுக்கு இது தினப்படித் தலைவலி.

முதலில் சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். திகில் என்றால் திடீரென்று நெஞ்சைப் பிடிக்கும் அச்சம். கன்னடத்தில் திகிலு என்பார்கள், அங்கேயும் அச்சம்தான். தெலுங்கின் திகுலு கொஞ்சம் தணிந்து, கவலை, மனவாட்டம் என்ற பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 'நெஞ்சு திக்கென்றது', 'திக்திக்கென்று அடித்துக்கொண்டது' என்கிறோமே, அவையெல்லாம் காதுக்கு இதன் உடன்பிறப்புகளாகவே கேட்கின்றன. மொத்தத்தில் நம் வீட்டுச் சொல், யாரிடமும் கடன் வாங்கியதில்லை.

ஆங்கிலத்தின் ஹாரர் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்கு மயிர் குத்திட்டு நிற்பது என்று பொருள், அதாவது நம் மயிர்க்கூச்செறிதல். த்ரில் வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் துளைப்பதைக் குறித்த சொல்லின் வாரிசு அது. மூக்குத் துவாரத்துக்கான நாஸ்ட்ரில் என்ற சொல்லின் வாலில் ஒட்டியிருப்பதும் அதே துளைதான். சஸ்பென்ஸ் என்பது தொங்கவிடுவது. மிஸ்டரி கிரேக்கத்திலிருந்து வந்தது, அதன் அடியில் இருப்பது வாயையோ கண்ணையோ மூடிக்கொள்ளும் செயல். ஆக ஒன்று தோலில் நடக்கிறது, ஒன்று உள்ளே பாய்கிறது, ஒன்று அந்தரத்தில் நிறுத்துகிறது, ஒன்று மூடி வைக்கிறது. இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே 'திகில்' போதும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ.

த்ரில்லருக்குத் திகில் என்று எழுதுவதன் காரணம் எளிது. 'த்ரில்', 'திகில்' இரண்டும் வாயில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஒலி ஒத்துப்போனால் பொருளும் ஒத்துப்போகும் என்பது சோம்பேறியின் அகராதி. 'த்ரில்லா இருந்துச்சு' என்று ராட்டினத்தில் இருந்து இறங்கும் பிள்ளை சொல்லும். 'திகிலா இருந்துச்சு' என்று சொன்னால் அம்மா வேப்பிலை தேடுவாள். இந்த வித்தியாசம் பேசுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், மொழிபெயர்ப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை. விறுவிறுப்பான படம் என்று எழுதலாம், பரபரப்பான படம் என்று எழுதலாம், ஒன்றும் தோன்றவில்லையென்றால் த்ரில்லர் என்றே விட்டுவிடலாம். தப்பான தமிழைவிட சரியான கடன் சொல் மேல் என்பது என் கட்சி. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனி பேய்ப்படம். ஹாரர் என்றாலே பேய்ப்படம் என்று எழுதுகிறவர்களிடம் கேட்டால், 'சாதாரண ஜனங்களுக்குப் புரியும்' என்கிறார்கள். புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். 'சைக்கோ'வில் பேய் எங்கே இருக்கிறது? 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண் மழை இரவில் ஆளில்லாத மோட்டலில் தங்குகிறாள். குளியலறைத் திரைக்குப் பின்னால் ஒரு நிழல் வருகிறது. வயலின் கூட்டம் கிரீச்சிடுகிறது. அந்தப் படத்தின் இசை முழுக்கத் தந்திக் கருவிகள் மட்டும்தான், பெர்னார்ட் ஹெர்மன் வேறெதையும் சேர்க்கவில்லை. வடிகாலில் சுழன்று போகிற ரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் எடுபட்டது. கொன்றவன் மனுஷன். இதைப் பேய்ப்படம் என்று நம்பி உட்காருகிறவர் கடைசி வரை பேயை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார், மனுஷனைக் கோட்டை விட்டுவிடுவார்.

அதே வருடம் பிரான்சில் ஒரு படம் வந்தது, 'முகமில்லாக் கண்கள்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். விபத்தில் மகளின் முகம் சிதைந்துபோகிறது. தகப்பன் பெரிய அறுவை மருத்துவர். வேறு பெண்களைப் பிடித்து வந்து முகத்தோலை உரித்து மகளுக்கு ஒட்டப் பார்க்கிறார். அந்தக் காட்சியில் அலறல் இல்லை, இருட்டு இல்லை. பென்சிலால் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, வெளிச்சமான அறையில் பொறுமையாகக் கத்தியை ஓட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு வந்து 'பேய்ப்படம் பார்த்தேன்' என்று சொல்ல நாக்கு கூசாதா?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஹாலிவுட் வரை போக வேண்டியதில்லை, தொல்காப்பியமே போதும். உணர்ச்சிகளைப் பற்றிய மெய்ப்பாட்டியலில் அச்சம் எங்கிருந்து வரும் என்று தொல்காப்பியர் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே'. அணங்கு (பேயும் வருத்துகிற தெய்வமும்), விலங்கு, கள்வர், 'இறை' அதாவது தமக்கு மேலே இருப்பவர். அறுபதுகளின் ஹாரர் படங்களை இந்த நான்கு பெட்டியில் போட்டுப் பாருங்கள். 1961இன் 'தி இன்னசன்ட்ஸ்', 1963இன் 'தி ஹாண்டிங்' இரண்டும் அணங்கு. 1963இல் வந்த ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' விலங்கு, அல்லது புள், அதாவது பறவை, என்று உரையாசிரியர்கள் திருத்தட்டும். 'சைக்கோ' கள்வர். அதில் சாவது திருடியும் அவளைத் தேடி வந்த துப்பறிவாளனும் என்பது தனிக் கூத்து. பெற்ற தகப்பனே கத்தியோடு நிற்கிற அந்தப் பிரெஞ்சுப் படம் 'இறை'. நான்கும் சேர்ந்தது அச்சம், அதன் கூர்மையான முனை திகில். பேய்ப்படம் என்ற சொல் இந்த நான்கில் முதல் பெட்டியில் பாதியைத்தான் திறக்கிறது.

பேய் இருந்தாலே திகில் வந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. கலிங்கத்துப்பரணியின் பேய்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். பசியால் வாடி, காளியிடம் முறையிட்டு, போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கிற கூட்டம் அது. பாதி நேரம் சிரிப்புத்தான் வருகிறது. நம் சினிமாவில் பேய்களைச் சிரிக்க வைத்து வசூல் பண்ணுகிற வழக்கத்துக்கு செயங்கொண்டாரே முன்னோடி என்று சொன்னாலும் தப்பில்லை. 1964இல் மலையாளத்தில் வந்த 'பார்கவி நிலையம்' இன்னொரு மாதிரி. பஷீர் கதை, ஏ. வின்சென்ட் இயக்கிய முதல் படம். ஆளில்லாத வீட்டில் குடிவந்த எழுத்தாளன், அங்கே செத்துப்போன பெண்ணோடு தனியே உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறான். போகப் போகப் பயம் விலகி அவள்மேல் பரிவுதான் வருகிறது. பேய் உண்டு, ஆனால் திகில் படம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

நம் பக்கத்து அறுபதுகளில் இன்னும் வேடிக்கை. 1966இன் 'யார் நீ?' படத்தில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண் வருகிறாள், 'நானே வருவேன்' என்று பாட்டு மிதந்து வருகிறது, நாயகனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கடைசியில் பேயும் இல்லை பிசாசும் இல்லை, எல்லாம் சூழ்ச்சி. அதைப் பேய்ப்படம் என்று பட்டியல் போடுகிறவர், வில்லன் கட்டிவிட்ட கதையை இத்தனை வருஷம் கழித்தும் நம்பிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். 1964இன் 'புதிய பறவை'யில் செத்துப்போன மனைவி வாசலில் வந்து நிற்கிறாள். சிவாஜியின் முகம் வெளிறுகிறது. அவர் பயப்படுவது பேய்க்கு அல்ல, தனக்கு மட்டும் தெரிந்த ஓர் உண்மைக்கு. 1967இன் 'அதே கண்கள்' முழுக்க முழுக்க மனுஷக் கைவேலை. இவையெல்லாம் மர்மப் படங்கள்.

மர்மம் என்ற சொல்லின்மேல் எனக்குப் புகார் இல்லை. வடமொழியில் அது உடம்பின் உயிர்நிலையைக் குறித்தது. அடி பட்டால் ஆளைச் சாய்க்கிற இடம், மறைத்துக் காக்க வேண்டிய இடம். வர்மக்கலையின் வர்மமும் அதுதான். மறைவிடம் என்ற பொருளிலிருந்து மறைபொருள் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. 'மர்ம நபர்', 'மர்மக் காய்ச்சல்' என்று நாளிதழ்கள் அதைச் சக்கையாகப் பிழிந்தாலும் இன்னும் சாறு இருக்கிறது. யார், ஏன், எப்படி என்று மூடி வைத்துக் கடைசியில் திறக்கிற படம் மர்மப் படம்.

ஆனால் சஸ்பென்ஸையும் மர்மம் என்று எழுதினால் சண்டைக்கு வருவேன். ஹிட்ச்காக் இதைத் திரும்பத் திரும்ப விளக்கியிருக்கிறார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும், மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியக் கூடாது. அப்போதுதான் சஸ்பென்ஸ். நம்மிடம் இதற்கு அச்சு அசலான எடுத்துக்காட்டு உண்டு, வீணை எஸ். பாலசந்தரின் 'பொம்மை', 1964. பொம்மைக்குள் குண்டு. அது கை மாறிக் கை மாறிப் போகிறது. நமக்கு எல்லாம் தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது. இதில் என்ன மர்மம்? மர்மத்தில் நமக்குத் தெரியாது, சஸ்பென்ஸில் நமக்கு மட்டும் தெரியும். ஒன்றுக்கொன்று தலைகீழ்.

'தி பேர்ட்ஸ்' படத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே கதாநாயகி சிகரெட்டோடு உட்கார்ந்திருப்பாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பிகளில் ஒரு காக்கை வந்து உட்காரும். அப்புறம் சில. கேமரா அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிடும். வானத்தில் ஒன்று பறப்பதைக் கண்டு அவள் கண்ணாலேயே தொடர்ந்து திரும்பும்போது கம்பி தெரியாத அளவுக்குக் காக்கைகள். திரும்புகிற வரைக்கும் அது சஸ்பென்ஸ். திரும்பிப் பார்த்த நொடி திகில். ஏன் கொத்துகின்றன என்பது மர்மம், அதைப் படம் கடைசி வரை சொல்வதே இல்லை. ஒரே படத்துக்குள் மூன்று சொல்லுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. நம் ஆட்கள் மூன்றையும் அழித்துவிட்டு 'பறவைப் பேய்ப்படம்' என்று போடாமல் இருந்தால் சரி.

தூய தமிழில் வேண்டும் என்பவர்களுக்கும் தொல்காப்பியர் கைவசம் சரக்கு வைத்திருக்கிறார். 'பேம்நாம் உரும்என வரூஉம் கிளவி ஆமுறை மூன்றும் அச்சப் பொருள'. பேம், நாம், உரும், மூன்றும் அச்சம். அழகான சொற்கள்தான். ஆனால் 'உரும்படம்' என்று சுவரொட்டி ஒட்டினால் எருமைப்படம் என்று படித்துவிட்டுப் போவார்கள். வாயில் உயிரோடு இருக்கிற திகிலை விட்டுவிட்டு, உரை இல்லாமல் புரியாததைத் தோண்டி எடுப்பானேன்? இன்னொரு கூட்டம் 'அமானுஷ்யப் படம்' என்கிறது. மனிதம் அல்லாதது என்று பொருள். அணங்குப் பெட்டிக்குச் சரி, 'சைக்கோ'வுக்கு அதுவும் ஆகாது.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது சொல் தெரியாதது அல்ல, படத்தைப் பார்க்காமலே சொல் போடுவது. வசன வரிகளில் 'ஹாண்டட் ஹவுஸ்' என்பதை 'வேட்டையாடப்பட்ட வீடு' என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். ஹாண்ட் என்பதை ஹன்ட் என்று படித்த கை. வீட்டை யார் வேட்டையாடுவார்கள் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். அந்த ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, ஓர் இடத்துக்கு அடிக்கடி வந்துபோவது என்பதுதான் அதன் பழைய பொருள். இதற்கு நம் ஊர்களில் சொல் எப்போதோ தயாராக இருக்கிறது. 'அந்தப் புளியமரத்துக்கிட்ட நடமாட்டம் இருக்கு' என்பார்கள். யாருடைய நடமாட்டம் என்று சொல்ல மாட்டார்கள், பேரைச் சொன்னால் வந்துவிடும்.

'தி ஹாண்டிங்' படமும் அப்படியே. இயக்குநர் ராபர்ட் வைஸ் கடைசி வரை எதையும் கண்ணில் காட்டவில்லை. தாழ்வாரத்தில் தடதடவென்று இடி நெருங்கி வருகிறது, கதவுக் குமிழ் மெல்லத் திரும்புகிறது, கனமான மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்பக்கமாகப் புடைத்து அடங்குகிறது. இருட்டில் பயந்து தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. விளக்குப் போட்டால் தோழி அறையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறாள். அதுவரை பிடித்திருந்தது யார் கை? இந்தப் படத்துக்குத் தமிழில் தலைப்பு வைக்கிற பொறுப்பு யார் கையிலாவது இருந்தால், பேய் பங்களா, மர்ம மாளிகை எதுவும் வேண்டாம். 'நடமாட்டம்' என்று வையுங்கள்.