சைட்டோகெராட்டின்: உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கொம்பு எப்படி வந்தது?

காதடியில் வீக்கம் என்று போய், பயாப்சி எடுத்து, ரிப்போர்ட்டைக் கையில் வாங்குபவர்களின் கண்ணில் படுவது 'சிகே7 பாசிட்டிவ்', 'சிகே5/6 பாசிட்டிவ்' மாதிரியான வரிகள். பாசிட்டிவ் என்றதும் புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. சிகே என்பது சைட்டோகெராட்டின் என்பதன் சுருக்கம். கட்டியே இல்லாத நல்ல சுரப்பியிலும், உங்களுக்கும் எனக்கும், இருக்கிற புரதம்தான் அது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் கைட்டோஸ் என்றால் உள்ளே வெற்றிடம் உள்ள பாத்திரம். உயிரியலில் அது உயிரணுவைக் குறிக்கும் முன்னொட்டாகிவிட்டது. (ஈழத்துப் பாடநூல்கள் உயிரணுவைக் 'கலம்' என்று எழுதுவது இதோடு அழகாகப் பொருந்துகிறது.) கெராஸ் என்றால் கொம்பு. கொம்பு, குளம்பு, நகம், முடி எல்லாம் எதனால் ஆனவையோ அதற்குத்தான் முதலில் கெராட்டின் என்று பெயர். அதே குடும்பத்துப் புரதங்கள் மென்மையான உயிரணுக்களுக்குள்ளும் இழையாக ஓடுகின்றன என்று பின்னால் தெரிந்தபோது, வேறுபடுத்திக் காட்ட முன்னால் 'சைட்டோ' சேர்ந்துகொண்டது. உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கொம்பு நுழைந்த கதை இவ்வளவுதான்.

இந்த இழைகளின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். உயிரணுவுக்குள் இருக்கிற மற்ற இழைகளில் ஆக்டின் இழை 7 நானோமீட்டர், நுண்குழல் 25 நானோமீட்டர். இவற்றுக்கு இடையிழைகள் என்று பெயர்: தசை உயிரணுவின் மெல்லிய ஆக்டின் இழைக்கும் தடித்த மயோசின் இழைக்கும் நடுத்தரமான தடிமனில் முதலில் தென்பட்டதால் வந்த பெயர். வேலை, உயிரணுவை இழுபட்டாலும் அழுத்தப்பட்டாலும் கிழியாமல் தாங்குவது. கெராட்டின் 5 அல்லது 14-இன் மரபணுவில் பிழை இருந்தால் லேசாக உரசினாலே தோல் கொப்பளிக்கும் நோய் வருகிறது என்பதிலிருந்தே அந்தத் தாங்கும் வேலை எவ்வளவு முக்கியம் என்று புரியும். ஒற்றைக் கெராட்டினால் தனியாக இழையாக முடியாது. காரத்தன்மை உள்ள ஒன்றும் அமிலத்தன்மை உள்ள ஒன்றும் சேர்ந்தாக வேண்டும்: 8-உடன் 18, 5-உடன் 14.

எண்களை ஒழுங்குபடுத்தியது 1982-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ரோலண்ட் மோல், வெர்னர் ஃபிராங்கே குழுவினர் வெளியிட்ட பட்டியல். மனித உடலின் 19 வகைகளுக்கு எண் கொடுத்தார்கள், 20 பிறகு சேர்ந்தது. இதில் 1 முதல் 8 வரை காரவகை, 9 முதல் 20 வரை அமிலவகை. 2006-இல் பெயரிடும் முறையைத் திருத்தியபோது 'சைட்டோ'வை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கெராட்டின் என்றே அழைக்கச் சொன்னார்கள். அப்போது கணக்கு, வேலை செய்யும் மரபணுக்கள் 54. ஆனாலும் ஆய்வகங்களில் சிகே என்ற பழைய சுருக்கம் இன்னும் போகவில்லை.

சரி, சுரப்பிக்கு வருவோம். உமிழ்நீர் ஓடும் நாளத்தின் உள்சுவர் உயிரணுக்களில் கெராட்டின் 7, 8, 18, 19 இருக்கும். அவற்றுக்கு வெளியே அடித்தள உயிரணுக்களும், உமிழ்நீரை உண்டாக்கும் சுரப்பு மொட்டுகளைக் கட்டிப்பிடித்தபடி தசைமேலணி உயிரணுக்களும் இருக்கின்றன. அவற்றில் 5, 14, 17. இந்தத் தசைமேலணி உயிரணு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, ஏனென்றால் மேலணிக்கு, அதாவது உறுப்புகளின் பரப்பை மூடும் திசுவுக்கு, உரிய கெராட்டினும் தசைக்குரிய ஆக்டினும் ஒரே உயிரணுவுக்குள் இருக்கின்றன, அது சுருங்கித்தான் உமிழ்நீரை நாளத்துக்குள் தள்ளுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் மிக அதிகமாக வருகிற பல்லுருவ அடினோமாவில் இதே உயிரணுதான் குருத்தெலும்பு போன்ற பகுதியைக்கூட உண்டாக்குகிறது. அங்கே கெராட்டினோடு விமென்டினும் சேர்ந்து தென்படும். பொதுவாக விமென்டின் இணைப்புத்திசு உயிரணுக்களின் இடையிழை. ஒரு உயிரணுவுக்கு ஒரு வகை இழை என்ற எளிய கணக்கு இந்தக் கட்டியில் செல்லாது.

தமிழில் என்ன சொல்லலாம்? கெராட்டினுக்கு 'நகமியம்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. நகம், முடி பற்றி எழுதும்போது அது நல்ல சொல்தான். சுரப்பிக்கு அது ஒட்டவில்லை என்பது என் கருத்து. 'கொம்புப்புரதம்' நேர்ப்பொருளாக இருந்தாலும் கொம்புக்குத் தமிழில் மரக்கிளை என்ற பொருளும் உண்டே, குழப்பம் வரும். எபிதீலியத்தை மேலணி என்கிறோம், ஆகவே 'மேலணி இழைப்புரதம்' என்றால் அது எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்று இரண்டும் சொல்லிலேயே தெரிகிறது. வகையைக் குறிக்க எண்ணைப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். விமென்டினுக்கு இன்னும் எளிது. லத்தீனில் விமென் என்றால் கூடை முடையும் வளைகிற இளங்குச்சி, தமிழில் அதற்கு வளார் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'வளார்ப்புரதம்' என்று தயங்காமல் எழுதலாம்.

ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால், அந்தக் கெராட்டினைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் போட்டபோது உயிரணுக்கள் நிறம் ஏற்றன, பெரும்பாலும் பழுப்பு நிறம், என்று அர்த்தம். கட்டி எந்த வகை உயிரணுவின் குணத்தைக் காட்டுகிறது என்பதற்கு அது ஒரு தடயம். கெராட்டின் 7 சாதுவான பல்லுருவ அடினோமாவிலும் வரும், அடினாய்டு சிஸ்டிக் புற்றிலும் வரும். எது என்று பிரிப்பது உயிரணுக்களின் அமைப்பும், கட்டி ஓரத்தைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்பதும், மற்ற சாயங்களும். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாமல், முழு ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.