முகத்துக்கு முன் மூச்சு

எதிர்மலை ரோட்டில் யாராவது வந்தால், முகம் தெரியும் முன்பே நடையை வைத்து இன்னார் என்று சொல்வது ஹட்டன் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்குப் பழக்கம். சித்திரை லீவில் திமிங்கிலம் பார்க்கத் திருகோணமலையில் படகேறியபோது கைகொடுத்தது அதுதான். (கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்காதவனைக் கடல் என்ன செய்துவிடும் என்று ஏறினேன். செய்துவிட்டது.)

கடலில் முதலில் கண்ணில் படுவது திமிங்கிலம் அல்ல, அதன் மூச்சு. நுவரெலியாவில் தை மாதக் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும், அது குளிரால். கிழக்கு வெயிலில் எப்படி? நுரையீரலில் இருந்த சூடான ஈரக்காற்று படாரென்று வெளியே வந்து விரிகிறது. விரிந்த காற்று குளிரும். அதிலுள்ள ஈரம் துளிகளாகும். மூச்சுத்துளையைச் சுற்றித் தேங்கிய கடல்நீரும் கொஞ்சம் சளியும் சேர்ந்து சிதறும். சித்திரக் கதைகளில் வருவது போல உள்ளே இருந்து தண்ணீரைப் பீய்ச்சுவதில்லை.

இந்த மூச்சுக்கும் நடை உண்டு. நீலத் திமிங்கிலத்தினது தூண் மாதிரி நேராக, 9 மீற்றர் வரைகூட எழும். எண்ணெய்த் திமிங்கிலத்துக்குத் தலையின் முன்னால், இடப்பக்கம் ஒரே ஒரு துளை. ஆகவே அதன் மூச்சு தாழ்வாக, புதர் போல, முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். வாலைத் தூக்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நம் கடலின் நீலத் திமிங்கிலமும் தூக்கும். முதுகைப் பாருங்கள்: வழவழவென்று நீண்டு போய், கடைசியில் குட்டித் துடுப்பு தெரிந்தால் நீலம், தோல் உலர்ந்த பழம் போலச் சுருங்கியிருந்தால் மற்றது.

பறவைகளிலும் அப்படித்தான். கடற்காகம் அகன்ற இறக்கையோடு சாவகாசமாகப் பறந்து, தண்ணீரில் உட்காரும். ஆலா ஒல்லி, அலகைக் கீழே சாய்த்துத் தேடிக்கொண்டே பறந்து, சட்டென்று தலைகீழாக விழும். அலகு மஞ்சளாக இருந்தால் பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு என்றால் சின்னது. ஆலாக்கள் கூட்டமாக விழுகிற இடத்தில், சூரையோ டொல்பினோ கீழிருந்து பொடிமீனை மேலே துரத்திக்கொண்டிருக்கக்கூடும். நீலத் திமிங்கிலம் தின்பது பொடி இறால், அதற்கு வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

துறைமுகத்திலிருந்தே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் இங்கே அதிக தூரம் போக வேண்டியதில்லை. அன்று ஒரு சாய்ந்த மூச்சு தெரிந்தது, அப்புறம் முக்கோண வால். படகுக்காரர் எஞ்சினை நிறுத்தி, “முங்கிட்டுது, மேலே வர இனி முக்கால் மணித்தியாலம் இருக்கணும் தம்பி” என்று பிளாஸ்கைத் திறந்தார்.