பரப்புக் கணக்கும் நகர விளிம்பும்

நகர மையத்தில் நெருங்கி வாழும் மக்கள் வெளியே செல்லச் செல்ல ஐதாவது ஒழுங்கான ஒரு வளைகோட்டில் அமைகிறது என்பதையும், போக்குவரத்து மலிவாகும்போது அக்கோட்டின் சரிவு தணிகிறது என்பதையும் பொருளியலாளர் கொலின் கிளார்க் 1951 இல் பல நகரங்களின் தரவுகளைக் கொண்டு விளக்கினார். யாழ்ப்பாண நகருக்கு வெளியே கொக்குவில், கோண்டாவில் பக்கமாகச் செல்பவர்கள் இந்தத் தணிவைக் கண்ணாலேயே காணலாம். அருகிலுள்ள திருநெல்வேலியில் 1974 இல் பல்கலைக்கழக வளாகம் அமைந்ததும் அதற்கு வலுச் சேர்த்தது.

ஆனால் ஒரு தனிக் காணியில் அடர்த்தி படிப்படியாகத்தான் ஏறுகிறது. பரப்பு என்பது யாழ்ப்பாணத்தில் காணியை அளக்கும் அலகு; 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர் தோட்டக்காணியில் முதலில் வீதியோரமாக ஒரு வீடு எழும். சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து, பின்னர் விலைக்கும் போகும்போது, துண்டு நான்கு பரப்பாகி நான்கு வீடுகளும், இரண்டு பரப்பாகி எட்டு வீடுகளும் வரும். உட்காணிகளுக்காக அப்போது விடப்படும் ஒழுங்கையின் அகலமே அடுத்த தலைமுறையின் அடர்த்திக்கு எல்லையிடுகிறது என்பது என் கருத்து; ஏனெனில், இருபுறமும் மதில் எழுந்தபின் அதை அகலமாக்க எவரும் காணி விட்டுக்கொடுப்பதில்லை. வீடுகள் பெருகினால் மக்களும் பெருகுவர் என்பதில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கப் பூட்டியே கிடக்கும் வீடும் கணக்கில் ஒரு வீடுதான்.

இங்கு உண்மையான வரம்பு நிலத்தடியில் இருக்கிறது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லில், கனமான உவர்நீரின்மேல் மழைநீர் நன்னீராகத் தங்கி நிற்கிறது; கல்லின் வெடிப்புகளினூடாக மலசலகூடக் குழியின் கழிவும் அதே நீரை அடைகிறது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்பார்கள். நான்கு பரப்புச் சதுரக் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 104 அடி. ஒரு பரப்பினதோ 52 அடி. அதில் வீட்டையும் கட்டிவிட்டு அந்த இடைவெளியைக் காப்பது மிகவும் கடினம். காத்தாலும், மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி இருக்கும். வெடிப்புள்ள கல்லில் 50 அடிகூடப் போதிய காப்பன்று. பசளையால் ஏற்கெனவே நைத்திரேற்று ஏறிய கிணறுகளில் இக்கழிவும் சேர்கிறது.

பழைய காணி உறுதிப் பத்திரங்களில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் பங்கும் காணியுடன் சேர்த்தே எழுதப்பட்டன. இன்று காணியைத் துண்டாக்கும்போதும், குழாய்நீரும் கழிவகற்றலும் வரும்வரை, பொதுக் கிணற்றுக்கும் குழிகளுக்குமான இடங்களை நில அளவைப் படத்திலேயே முதலில் குறித்துவிட வேண்டும். வீடுகளின் எண்ணிக்கையை அதன் பின்னரே தீர்மானிக்கலாம்.