பச்சைச் சிப்பைப் பிடுங்கிய பையன்

"டீச்சர், இங்க நிறுத்துங்க."

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் ஆலோசனை அறையில் ஒரு பத்து வயதுப் பையனும் நானும் 'பிக் ஹீரோ 6' பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் ஹிரோ என்ற சிறுவன் தன் ரோபோவின் நெஞ்சைத் திறந்து, உள்ளே இருந்த பச்சைச் சிப்பைப் பிடுங்கிவிட்டான். அதுவரை யாரையும் காயப்படுத்தத் தெரியாத அந்த ரோபோவின் கண்கள் சிவப்பாகிவிட்டன. நான் படத்தை நிறுத்தினேன். பையன் மடியிலிருந்த குஷனின் ஜிப்பை இழுத்து மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் செஞ்சது சரிதான்" என்றான்.

குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் ஆலோசகர் நான். இந்தப் பையனைப் பற்றி எழுத அவன் அம்மாவின் சம்மதம் இருக்கிறது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவன் என்னிடம் வந்தது அழுகைக்காக அல்ல, அடிதடிக்காக. வகுப்பில் ஒருவனின் மூக்குக்கண்ணாடியை உடைத்திருந்தான். வீட்டுப் பக்கத்து பிளாக்கில் நிறுத்தியிருந்த ஒரு மோட்டார் சைக்கிளின் டயரை ஆணியால் குத்தியிருந்தான். "முன்னாடி இப்படி இல்ல மேடம், இப்ப ரௌடி மாதிரி ஆயிட்டான்" என்றார் அம்மா. பள்ளியிலும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் அண்ணன் சாலை விபத்தில் இறந்துபோனதை அம்மா மூன்றாவதாகத்தான் சொன்னார், அதுவும் குரலைத் தாழ்த்தி. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்ததும் அண்ணனின் துணிமணி, ஃபுட்சால் ஜெர்சி, போன் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்களாம். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "சின்னப் பையன், ஞாபகப்படுத்த வேணாமேன்னுதான்."

படத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் டிஸ்னி எடுத்த அனிமேஷன் படம் இது. டான் ஹாலும் கிறிஸ் வில்லியம்ஸும் இயக்கினார்கள். அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. பதினான்கு வயது ஹிரோ ஒரு ரோபோ மேதை. அப்பா அம்மா இல்லை, சித்தி வளர்க்கிறார். அண்ணன் டடாஷி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பேமேக்ஸ் என்ற மருத்துவ உதவி ரோபோவைச் செய்கிறான். பலூன் போல உப்பலாக, கட்டிப்பிடிக்கத் தோன்றும் உருவம் அதற்கு. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் காற்றடைத்த மென்மையான ரோபோக்களைப் பார்த்துவிட்டு வந்துதான் அந்த உருவத்தைப் பிடித்தார்கள். கண்காட்சி நடந்த கட்டடம் தீப்பிடிக்கிறது. உள்ளே பேராசிரியர் காலகன் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, யாராவது உதவ வேண்டும் இல்லையா என்று சொல்லிவிட்டு டடாஷி உள்ளே ஓடுகிறான். கட்டடம் வெடிக்கிறது.

சூப்பர் ஹீரோ படங்களில் பறப்பதையும் உதைப்பதையும் குழந்தைகள் ரசிக்கட்டும். ஆனால் இந்தப் படத்தின் மிகப் பெரிய வீரச் செயலில் கவசமும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. ஒரு கல்லூரிப் பையன் தொப்பி பறக்க ஓடுகிறான், அவ்வளவுதான். அந்தக் காட்சியைப் பெரியவர்கள் கண் கலங்கிப் பார்ப்பார்கள். என் பையன் பார்த்த விதமே வேறு. "முட்டாள்" என்றான். "தம்பி நிக்கிறான்ல, அவன விட்டுட்டுப் போறான்."

அவன் அண்ணனும் அப்படித்தான் போயிருக்கிறார். இரவு பதினொரு மணிக்கு நண்பன் போன் செய்து, மோட்டார் பஞ்சர், மழையில் நிற்கிறேன் என்று சொல்ல, கிளம்பிப் போனவர். இழவு வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் பையனிடம், "உங்க அண்ணன் ஹீரோடா" என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணன் மேல் அவனுக்கு இருந்த கோபத்தை வைக்க அதன் பிறகு இடமே இல்லாமல் போனது. ஹீரோவைத் திட்ட முடியுமா? இறந்தவர் மேல் கோபம் வருவது துக்கத்தின் ஒரு பகுதி. குழந்தைக்கு அது பாவம் போலத் தோன்றும், அதனால் யாரிடமும் சொல்லாது. சொல்லாத கோபம் மூக்குக்கண்ணாடியில் இறங்கும், டயரில் இறங்கும். அந்த மோட்டார் யாருடையது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். அன்றிரவு போன் செய்த நண்பனுடையது. மூக்குக்கண்ணாடி உடைந்தது, "உங்க அண்ணன் ஹெல்மெட் போடலையாமே" என்று ஒரு பையன் கேட்டதால்.

சரி, அந்தப் பச்சைச் சிப்புக்கு வருகிறேன்.

டடாஷி செய்த சிப் அது. நோயாளியைக் கவனிப்பது, யாரையும் காயப்படுத்தாமல் இருப்பது எல்லாம் அதில்தான் இருக்கிறது. முகமூடி போட்ட வில்லனைப் பிடிப்பதற்காக ஹிரோ பேமேக்ஸுக்குக் கவசம் மாட்டி, சண்டை போடத் தெரிந்த இன்னொரு சிப்பையும் சொருகுகிறான். கடைசியில் முகமூடி கழன்று விழுகிறது. உள்ளே இருப்பது காலகன், அண்ணன் யாரைக் காப்பாற்ற ஓடினானோ அதே பேராசிரியர். அவர் சாகவே இல்லை. உங்களைக் காப்பாற்றத்தானே அவன் உள்ளே வந்தான் என்று ஹிரோ கத்துகிறான். அது அவனுடைய தப்பு என்கிறார் காலகன். எனக்கு இந்தப் படத்தின் மிகக் கொடூரமான இடம் இதுதான். தீ வைத்ததைவிட, ஆளைத் துரத்தியதைவிட இந்த ஒரு வாக்கியம் கொடூரம். ஒருவன் உயிரைக் கொடுத்த செயலை அவன் தம்பியின் முகத்துக்கு நேரே ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது.

அடுத்த நொடியில் ஹிரோ வில்லனாகிறான். இவரை அழி என்று பேமேக்ஸிடம் சொல்கிறான். மனிதனைக் காயப்படுத்த என்னால் முடியாது என்கிறது பேமேக்ஸ். உடனே அண்ணன் செய்த சிப்பைப் பிடுங்கிவிடுகிறான். கண் சிவந்த பேமேக்ஸ், காலகனை நோக்கிப் போகும் வழியில் குறுக்கே வரும் ஹிரோவின் நண்பர்களையே தூக்கி எறிகிறது. நண்பர்களில் ஒருத்தி சிப்பைத் திரும்பப் பொருத்திய பிறகுதான் அது நிற்கிறது. அப்போதும் ஹிரோவுக்கு வெட்கம் வரவில்லை, அவர்கள் மேல்தான் கோபம் வருகிறது. அவர்களைத் தீவிலேயே விட்டுவிட்டுப் பறந்துபோகிறான்.

"அவன் செஞ்சது சரிதான்" என்று பையன் சொன்னது இந்த இடத்தில்தான். பல பெற்றோர் இங்கே அலறிவிடுவார்கள். என் பிள்ளைக்கு வில்லனைப் பிடிக்கிறது, அடிக்கிற காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான் என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த இடத்தில் பாடம் நடத்தாதீர்கள். ஒரு குழந்தை ஒரே காட்சிக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்றால், சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று அதற்கு அங்கே கிடைக்கிறது. நான் கேட்டது ஒன்றுதான்: "அந்த நேரத்துல அவனுக்கு உடம்புல எங்க வலிச்சிருக்கும்?"

பையன் கையை வயிற்றில் வைத்தான். அம்மாவிடம் பிறகு கேட்டேன். மாதக்கணக்கில் வயிற்றுவலி என்று சொல்லிக் கிளினிக்குக்கு நாலு முறை போயிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

படத்திலும் இது வருகிறது. ஹிரோவின் உடம்பைப் பரிசோதிக்கும் பேமேக்ஸ், வலிக்கிறது என்கிறாய், ஆனால் காயம் ஒன்றும் தெரியவில்லையே என்கிறது. தெரியாததை ஒத்துக்கொண்டு, இழப்பைப் பற்றிய தகவல்களைத் தேடிப் படிக்கிறது. நண்பர்களைத் தொடர்புகொள்கிறது. அணைத்துக்கொள்கிறது. எங்கள் துறையில் வருடக்கணக்கில் படித்துவிட்டு நாங்கள் சொல்லும் முதலுதவியும் கிட்டத்தட்ட இதுதான்: தனியாக விடாதே, பக்கத்தில் இரு, தொட்டு ஆறுதல் சொல்.

இந்தக் கதையில் ஹிரோவும் காலகனும் ஒரே காயத்தோடு நிற்பவர்கள். காலகனின் மகள் ஏபிகேல், கிரெய் என்ற தொழிலதிபரின் ஆபத்தான சோதனையில் காணாமல் போனவள். மகளுக்காகத்தான் அவர் கிரெய்யைத் துரத்துகிறார். இருவருக்கும் பிரியமானவர் போய்விட்டார், இருவருக்கும் பழி சொல்ல ஓர் ஆள் இருக்கிறான், இருவர் கையிலும் பயங்கரமான இயந்திரம். ஹிரோ திரும்பி வருகிறான், காலகன் வரவில்லை. காரணம் நல்ல குணம், கெட்ட குணம் என்று நான் நினைக்கவில்லை. சிப்பை மறுபடி பிடுங்க ஹிரோ முயலும்போது பேமேக்ஸ் நெஞ்சைத் திறக்க மறுக்கிறது. ஆனால் விலகிப் போகவும் இல்லை. அவரைக் கொன்றால் உன் மனநிலை சரியாகுமா என்று அமைதியாகக் கேட்கிறது. டடாஷி விரும்பியது இதுதானா என்று கேட்கிறது. அப்புறம் தன் வயிற்றையே திரையாக்கி, டடாஷி எடுத்த வீடியோக்களை ஓட்டுகிறது. பேமேக்ஸ் வேலை செய்யாமல் கெட்டுப்போகும் சோதனைகள், ஒவ்வொன்றாக. எண்பத்து நான்காவது முறை பேமேக்ஸ் எழுந்து பேசுகிறது. டடாஷி சந்தோஷத்தில் குதிக்கிறான். ஹிரோவுக்கு அழுகை அப்போதுதான் வருகிறது. காலகனுக்கு அந்த மாதிரி ஒரு கேள்வி கேட்க, மகளைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, ஓர் ஆள் இருந்ததாகப் படத்தில் தெரியவில்லை.

இன்னொரு சின்ன இடம், பலர் கவனிக்காமல் விடுவது. உச்சக்கட்டத்தில் காலகன் ஒரு நொடி தயங்குவார். இதனால் எதுவும் மாறாது, எனக்குத் தெரியும் என்று ஹிரோ சொன்னது அவருக்குள் போகிறது. அந்த நொடியில் கிரெய் வாயைத் திறந்து, என்னை விட்டுவிடு, நீ கேட்டதைத் தருகிறேன் என்கிறார். அவ்வளவுதான், எல்லாம் கெட்டது. மன்னிப்பு கேட்க வேண்டிய இடத்தில் அவர் பேரம் பேசினார்.

அன்று பையனோடு படத்தை அதற்கு மேல் ஓட்டவில்லை. அடுத்த வாரம் அம்மாவைத் தனியாக வரச்சொன்னேன். படத்தில் வரும் ஹிரோவின் அறை பற்றிச் சொன்னேன்: அண்ணனின் பாதி அறையை மூடுதிரைக்குப் பின்னால் விட்டுவிட்டு இவன் பாதியில் தூங்குவதை. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெட்டிய அவன் ராத்திரில இழுத்துப் பார்க்கிறான் மேடம். சத்தம் கேக்கும். நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன்" என்றார்.

அண்ணனைப் பற்றிப் பேசினால் பையன் மறக்கமாட்டான் என்பது நம் பயம். அவன் மறக்க வேண்டிய தேவையே இல்லை. இறந்தவரோடு உள்ள உறவை அறுப்பதல்ல, வேறு உருவத்தில் வைத்துக்கொள்வதுதான் ஆரோக்கியம் என்ற பார்வை 1990களிலிருந்தே எங்கள் துறையில் வலுப்பட்டுவிட்டது. குழந்தைகளின் துக்கம் பெரியவர்களுடையதைப் போல நாள் முழுக்க இருக்காது. பத்து நிமிடம் அழுவார்கள், பதினோராவது நிமிடம் மிலோ கேட்பார்கள், விளையாடப் போவார்கள். அதனால் மறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சின்னக் குழந்தைகளிடம் "தூங்குறாரு" என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படுவார்கள். செத்துப்போய்விட்டார், உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, திரும்பி வரமாட்டார் என்று நேராகச் சொல்லலாம். "இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்று பத்து வயதுப் பையனிடம் சொல்லாதீர்கள். அழுவதற்கான அனுமதியை அந்த ஒரு வரி பறித்துவிடும்.

துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் கொஞ்சமும் குறையாமல், படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் குலைந்து கிடந்தால் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். நானும் செத்துப்போறேன் என்று குழந்தை ஒரு முறை சொன்னாலும் காத்திருக்காதீர்கள். மலேசியாவில் மனவேதனையைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, அரசின் தாலியான் காசே உதவி எண் 15999. ஆலோசகரிடம் போகும்போது, மலேசியாவின் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல ஆலோசகர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மா பெட்டியை வெளியே எடுத்தார். ஜெர்சியைப் பையன் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்தான், முழங்கால் வரை தொங்குமாம். அதற்கும் பிறகு, என் யோசனை எதுவும் இல்லாமல், அந்த நண்பன் வீட்டுக்கு வந்தான். பத்தொன்பது வயதுப் பையன். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வராதவன். டயரைக் குத்தியது யார் என்று அவனுக்குத் தெரியும், அதைப் பற்றிக் கேட்கவில்லை. வாசலிலேயே நின்று, "நான் அன்னிக்கு அவன கூப்பிட்டிருக்கக் கூடாது தம்பி" என்றானாம். வேறு காரணம் ஒன்றும் சொல்லவில்லை. பையன் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். நண்பன் போகாமல் வாசல் நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

நண்பனின் போனில் ஒரு வீடியோ இருந்தது. பிளாட்டுக்குக் கீழே கோர்ட்டில் எடுத்தது, ஒரு நிமிடம்கூட இருக்காது. அண்ணன் முகம் சரியாகத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்: "டேய், பந்த குடுடா, குடுடா தம்பி!" அடுத்த முறை வந்தபோது பையன் அம்மா போனில் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். இரண்டு முறை காட்டினான். "இந்தத் தம்பி நான்தான் டீச்சர்" என்றான்.

பிறகு குஷனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "நிறுத்துன இடத்துலேருந்து போடுங்க" என்றான். மீதிப் படத்தைப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னான்.